கயிறு இல்லை... டூப் இல்லை... விழுந்தால் விழுந்ததுதான்!

தாய்லாந்து சண்டைப் படத்துக்கு ஏரிக்கரை ரசிகர்களின் தீர்ப்பு

சுண்ணாம்புக்குளம்–

"கயிறே இல்லப்பா! அவன் நெஜமாத்தான் தாவுறான்!"

தாய்லாந்து நாட்டில் தயாரான "ஓங் பாக்" என்ற சண்டைப் படத்தைப் பார்க்கிற யாரும் முதலில் சொல்வது இதைத்தான். படம் 2003-ல் வெளிவந்தது. ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஆனாலும் புதிதாகப் பார்க்கிற இளவட்டம் இன்றைக்கும் வாய் பிளக்கிறது. பார்த்து முடித்த பெரிசுகளோ, "கதை எங்கேடா?" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி தாலுகாவில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் சுண்ணாம்புக்குளம். பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கிற மீனவக் குப்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்க்கலாம்.

நிஜ ராக்கெட்டையே பார்க்கிற கண்ணுக்கு, சினிமாவில் கம்ப்யூட்டர் காட்டும் வித்தை அவ்வளவு சீக்கிரம் பிடித்துவிடுமா? அதனால்தான் இந்தப் படம் என்றால் இங்கே ஒரு தனிப் பேச்சு.

மணலில் உட்கார்ந்து டூரிங் டாக்கீசில் படம் பார்த்த காலம் ஒன்று. ஆளுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் போட்டு, டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் ஒன்று. பிறகு சி.டி. வந்தது. இப்போது எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. ஆனால் படம் பார்த்துவிட்டு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற வழக்கம் மட்டும் மாறவில்லை.

கதை என்ன?

படம் பார்க்காதவர்களுக்காக கதைச் சுருக்கம் இதோ:

நாங் பிரது என்று ஒரு கிராமம். மழை இல்லை. ஊரே வறண்டு கிடக்கிறது. ஊர் மக்கள் நம்பிக்கை வைத்திருப்பது "ஓங் பாக்" என்ற புத்தர் சிலை மீதுதான். ஒரு நாள் ராத்திரி, அந்தச் சிலையின் தலையை அறுத்து எடுத்துக்கொண்டு ஒரு திருடன் பாங்காக்குக்கு ஓடிவிடுகிறான்.

ஊர் கலங்கிப் போகிறது. தலையை மீட்டு வர ஒரு வாலிபன் புறப்படுகிறான். பெயர் டிங். கோவிலில் வளர்ந்த அநாதைப் பையன். துறவி ஒருவரிடம் பழைய காலத்துச் சண்டைக் கலையைக் கற்றவன். வழிச் செலவுக்கு ஊர் மக்கள் தங்களிடம் உள்ள சில்லறையையும் நகையையும் அள்ளிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

பாங்காக்கில் அவன் தேடிப் போகிற சொந்த ஊர்க்காரன் தலைமுடிக்குச் சாயம் பூசி, பெயரை "ஜார்ஜ்" என்று மாற்றிக்கொண்டு, சூதாட்டமும் ஏமாற்றுமாகத் திரிகிறான். டிங் கொண்டு வந்த பணத்தையே அடித்துக்கொண்டு போகிறான் அந்தப் புண்ணியவான்! சிலைத் திருட்டுக் கும்பலின் தலைவனோ சக்கர நாற்காலியில் வருகிறவன். தொண்டையில் கருவி வைத்துத்தான் பேசுவான்.

அப்புறம் என்ன? அடி, உதை, ஓட்டம், தாவல். கடைசியில் ஒரு குகையில் முடிவு.

"இவ்வளவுதானா?" என்று கேட்டால், இவ்வளவுதான்!

"நம்ம ஊர் சங்கதி"

கதை இல்லை என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பதில் சொல்வது பெண்கள்தான்.

"ஊர்ச் சாமி தலையத் தூக்கிட்டுப் போயிட்டான். இதுக்கு மேல இன்னா கதை வேணும்?" என்பார்கள் அவர்கள். ஒரே கேள்வி. எதிர்த்தரப்பு கப்சிப்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. தஞ்சைப் பக்கத்துப் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர் லண்டன் வரை போய், பெரிய வழக்கு நடந்து, 1991-ல் தான் தாயகம் திரும்பினார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவில் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. திருட்டுச் சிலை என்று வெட்டவெளிச்சமான பிறகு, 2014-ல் அது இந்தியாவுக்குத் திரும்பி வந்தது.

தாய்லாந்திலும் அப்படி ஒரு நிஜச் சம்பவம் உண்டு. பனோம் ருங் என்ற பழைய கோவிலின் வாசல் நிலைக்கு மேலே இருந்த சிற்பக் கல், பள்ளிகொண்ட நாராயணர் உருவம் செதுக்கியது, 1960-களில் காணாமல் போனது. பிறகு அது அமெரிக்காவில் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்தது. தாய்லாந்து மக்கள் கூக்குரல் எழுப்ப, 1988-ல் கல் திரும்பி வந்தது.

ஆக, படத்தில் வரும் திருட்டு வெறும் கற்பனை இல்லை. போன சாமி திரும்பி வர வேண்டும் என்ற ஏக்கம் அங்கும் இங்கும் ஒன்றுதான்.

எட்டு ஆயுதம்

சரி, சண்டைக்கு வருவோம்.

தாய்லாந்துச் சண்டைக் கலைக்கு "முவே தாய்" என்று பெயர். எட்டு உறுப்புகளின் கலை என்பார்கள். கை முஷ்டி இரண்டு, முழங்கை இரண்டு, முழங்கால் இரண்டு, கால் இரண்டு. ஆக எட்டு ஆயுதம்! கையுறை வருவதற்கு முந்திய காலத்தில் கையில் கயிறு சுற்றிக்கொண்டு மோதுவார்கள். அந்தப் பழைய முறைக்கு "முவே போரான்" என்று பெயர். படத்தின் கதாநாயகன் காட்டுவது அதைத்தான்.

சிலம்பமும் குத்துவரிசையும் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இதில் ஒரு விசேஷம் சட்டென்று பிடிபடும். புரூஸ்லீ படத்தில் கை காலைப் பார்த்தோம். இங்கே முழங்கையும் முழங்காலும் பேசுகின்றன. எதிரியின் உச்சந்தலையில் மேலிருந்து முழங்கை இறங்கும்போது, பார்க்கிறவன் தன் தலையைத் தடவிக்கொள்கிறான்.

சந்துக்குள் துரத்தல் காட்சி ஒன்று வருகிறது. முள்கம்பி வளையத்துக்குள் நுழைந்து தாவுகிறான். இரண்டு காலையும் அகல விரித்து வண்டிக்கு அடியில் சறுக்கிக்கொண்டு போகிறான். நிற்கிறவர்களின் தோள் மேலேயே ஓடுகிறான். இன்னொரு காட்சியில் கால் இரண்டிலும் தீப்பற்றி எரிய, அந்தக் காலாலேயே உதைக்கிறான்.

"கம்பியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, டூப்பும் இல்லை" என்பதுதான் படத்தின் விளம்பரமே. அதைச் சொல்லித்தான் உலகம் முழுக்க விற்றார்கள்.

மூன்று தடவை காட்டலாமா?

ஏரிக்கரையில் மட்டுமல்ல, இந்தப் படம் போன இடமெல்லாம் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிற விஷயம் ஒன்று உண்டு.

பெரிய தாவல் ஒன்று வந்தால், டைரக்டர் அதை ஒரு தடவை காட்டிவிட்டு விடுவதில்லை. வேறு கோணத்தில் மறுபடி காட்டுகிறார். சில சமயம் மூன்றாவது தடவையும் காட்டுகிறார்.

"இன்னாப்பா இது, ரெக்கார்டு தேஞ்சு போச்சா?" என்பது ஒரு கட்சி.

"இருக்கட்டும் அண்ணே! மூணு பக்கமும் காட்டறான்னா மறைக்க ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம். கயிறு கட்டினவன் ஒரு பக்கம்தான் காட்டுவான்" என்பது இன்னொரு கட்சி.

இரண்டாவது கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம்! எடை போட்ட மீனைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "பார்த்துக்கோ, கலப்படம் இல்லை" என்று சொல்கிற வியாபாரம் தெரிந்த ஊர் அல்லவா?

நகைச்சுவைக் காட்சி நீளம், வில்லன் கூட்டத்தின் கூச்சல் அதிகம், பட்டணத்துக்காரன் எல்லாம் கெட்டவன் என்று காட்டுவது சரியில்லை என்ற குறைகளும் உண்டு. எலும்பு முறிகிற சத்தம் தாங்க முடியவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற படம் இல்லை என்பதில் மட்டும் இரு கட்சியும் ஒரே கட்சி.

திருவிழாத் திரையில் பார்த்த பையன்

கதாநாயகன் டோனி ஜாவின் சொந்தக் கதை, படத்தின் கதையை விட ருசிகரமானது.

இவர் 1976-ல் தாய்லாந்தின் வடகிழக்கே சுரின் மாகாணத்தில் பிறந்தவர். இயற்பெயர் பனோம் யீரம். யானை வளர்க்கிற குடும்பம். யானைக்குப் பேர்போன பகுதி அது. சிறு வயதில் கோவில் திருவிழாவில் திரை கட்டிப் போடுகிற படங்களைப் பார்த்தவர். அதில் புரூஸ்லீயையும் ஜாக்கிசானையும் பார்த்து, வீட்டுக்கு வந்து அதே மாதிரி குதித்துப் பார்த்தவர்.

நம்மூர் அம்மன் கோவில் திருவிழாவில் வெள்ளைத் திரைக்கு முன்னால் மணலைக் குவித்து உட்கார்ந்த பையன்கள் எத்தனை பேர்! அப்படி ஒரு பையன்தான் இவரும்.

அவர் பார்த்த படங்களில் ஒன்று, பன்னா ரிட்டிக்ராய் என்ற சண்டைக்காரர் 1980-களில் குறைந்த செலவில் எடுத்த உள்ளூர்ப் படம். பார்த்த மாத்திரத்தில், "இவரிடம்தான் கற்பேன்" என்று முடிவு கட்டினார். பதினைந்து வயதில் அவரிடமே சீடராகச் சேர்ந்தார். டூப் நடிகராக வேலை பார்த்தார். 1997-ல் வெளிவந்த ஆங்கிலப் படமான "மார்டல் காம்பாட் அனிஹிலேஷன்" படத்தில் கதாநாயகனுக்கு டூப் போட்டவர் இவர்தான்.

மற்றவர்களுக்காக அடி வாங்கிய டூப், "ஓங் பாக்" படத்தில் கதாநாயகன் ஆனார். சண்டை அமைத்தவர் அதே குரு பன்னா. டைரக்டர் பிராச்யா பின்கேவ்.

படத்துக்குச் செலவு சுமார் 11 லட்சம் டாலர் என்று கூறப்படுகிறது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 5 கோடி ரூபாய். வசூலோ சுமார் 2 கோடி டாலர் என்கிறார்கள். போட்டது ஒன்று என்றால் வந்தது பதினெட்டு!

இன்னொரு வேடிக்கை. படத்தில் துரத்தல் காட்சியின்போது சுவரில் கிறுக்கலாகச் சில எழுத்துகள் தெரியும். உற்றுப் பார்த்தால், பிரெஞ்சு டைரக்டர் லூக் பெசானுக்கு ஒரு வணக்கம், அமெரிக்க டைரக்டர் ஸ்பீல்பெர்க்குக்கு ஒரு வணக்கம்! "உங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்ற பாணியில் சுவரிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். விண்ணப்பம் வீண் போகவில்லை. லூக் பெசானின் கம்பெனியே படத்தை வாங்கி, கொஞ்சம் வெட்டி, புது இசை சேர்த்து மேல்நாடுகளில் வெளியிட்டது.

தமிழ்ப் படத்திலும் தாய்லாந்து வாசனை

சண்டைப் படம் தமிழ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. 1973-ல் "என்டர் தி டிராகன்" வந்து தெருவுக்குத் தெரு கராத்தே பள்ளியைக் கிளப்பிவிட்டது. 1978-ல் ஹாங்காங்கில் வந்த "36 சேம்பர் ஆப் ஷாவ்லின்" படத்தின் சாயலில் 1983-ல் ரஜினிகாந்தின் "பாயும் புலி" வந்தது.

டோனி ஜா 2005-ல் நடித்த படம் "டாம் யம் கூங்". திருட்டுப் போன யானைகளைத் தேடிக் கடல் தாண்டிப் போகிற கதை. அதில் ஒரு கட்டடத்தின் மாடிப் படிகளில் ஏறிக்கொண்டே எதிரிகளை அடிக்கும் காட்சி, ஏறக்குறைய 4 நிமிடம், ஒரே ஷாட்டில் எடுத்தது. இடையில் ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

அந்தப் படத்தில் அவரோடு மோதியவர் ஜானி டிரை நுயென் என்ற வியட்நாம் வம்சாவளி நடிகர். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றால், பார்த்த முகம்தான்! 2011-ல் சூர்யாவின் "7ஆம் அறிவு" படத்தில் வந்து மிரட்டிய வில்லன் அவரேதான். 2012-ல் விஜய் நடித்த "துப்பாக்கி" படத்துக்குச் சண்டை அமைத்தவர் தாய்லாந்துக்காரரான கெச்சா.

ஆக, கோடம்பாக்கத்துக்கும் பாங்காக்குக்கும் உறவு ஏற்பட்டுப் பல வருஷம் ஆயிற்று.

சீட்டிக்கு என்ன விலை?

இந்த இடத்தில்தான் டீக்கடைப் பேச்சு கொஞ்சம் தணியும்.

ஏரியில் பிழைக்கிறவர்களுக்கு உடம்புதான் முதல். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற பெண்கள் உண்டு. வலை போடுகிற இடத்துக்கும் நாளுக்கும் முறை வைத்து "பாடு" என்று பங்கிட்டுக்கொள்கிற மீனவர்கள் உண்டு. முறை வருகிற நாளில் கை முறிந்து கிடந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. அதனால் திரையில் ஒருவன் விழுந்தால், இந்த ஊர்க்காரன் சீட்டி அடிப்பான், அடுத்த நிமிடமே, "பாவம், அவனுக்கு என்ன ஆச்சோ?" என்றும் கேட்பான்.

கேட்க வேண்டிய கேள்விதான்.

கதாநாயகன் தாவுகிறான் சரி. அவன் முழங்காலில் அடி வாங்கி மாடியிலிருந்து விழுகிற பத்துப் பேர் யார்? அவர்கள் பெயர் என்ன? அவர்களுக்கும் கயிறு இல்லையே!

அதே டைரக்டரும் அதே சண்டை மாஸ்டரும் சேர்ந்து 2008-ல் "சாக்லெட்" என்று ஒரு படம் கொடுத்தார்கள். ஜீஜா யானின் என்ற இளம்பெண்தான் கதாநாயகி. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, படப்பிடிப்பில் அடிபட்டவர்களைக் காட்டுகிறார்கள். ரத்தம் வழிகிறது. கழுத்தில் பட்டை கட்டுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார். அந்தப் பெண்ணும் தப்பவில்லை. அதுவரை சீட்டி அடித்தவனின் கை தானாக இறங்கிவிடும்.

நம் ஊரிலும் இந்த வேதனை உண்டு. 2024 ஜூலையில் சென்னையில் ஒரு படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழுந்து ஒரு ஸ்டண்டு கலைஞர் இறந்தார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், கார் தாவுகிற காட்சியை எடுக்கும்போது இன்னொரு ஸ்டண்டு கலைஞர் உயிரை விட்டார். கார் பறந்து விழுந்த அந்தக் காட்சி செல்போன் செல்போனாகப் பரவியது. பார்த்தவர்கள் பதறிப் போனார்கள். சினிமா என்று நினைத்துப் பார்க்க முடியாத சினிமா அது.

அதன் பிறகுதான் சண்டைக் கலைஞர்களின் பாதுகாப்பும் இன்சூரன்சும் ஊரெல்லாம் பேச்சானது. இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் சுமார் 650 ஸ்டண்டு கலைஞர்களுக்கு இன்சூரன்ஸ் ஏற்பாடு செய்திருக்கிறார் என்ற செய்தி அப்போது வெளிவந்தது. ஒரு நடிகர் தன் கையிலிருந்து செய்தது சந்தோஷம். ஆனால் எல்லா ஊரிலும், எல்லாப் படத்திலும் அது கட்டாயமாக இருக்க வேண்டாமா?

மரியாதையும் தாமதமாகத்தான் வந்தது. சண்டை அமைப்புக்கு என்று தேசிய விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டதே 2017-ல்தான். "புலிமுருகன்" என்ற மலையாளப் படத்துக்காக அதை வாங்கியவர் பீட்டர் ஹெயின். ஆஸ்காரில் இன்னும் தாமதம். 2028-ல் நடக்கும் 100-வது விழாவிலிருந்துதான் ஸ்டண்டுக்கு என்று தனிப் பரிசு கொடுக்கப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள்.

ஒரே தேதி!

டோனி ஜாவின் வாழ்க்கையும் நேர் ரோடாகப் போகவில்லை. "ஓங் பாக்" இரண்டாம் பாகத்தை அவரே டைரக்ட் செய்யப் போய், பணநெருக்கடியில் சிக்கி, படப்பிடிப்பை விட்டே சில வாரம் காணாமல் போனார். 2010-ல் மூன்றாம் பாகம் வந்த சூட்டோடு காவி கட்டித் துறவியானார். பிறகு திரும்பி வந்து, 2015-ல் வெளியான ஹாலிவுட் படமான "பியூரியஸ் 7"-ல் நடித்தார்.

குரு பன்னா 2014-ல் காலமானார். வயது 53-தான். தேதி ஜூலை 20. புரூஸ்லீ 1973-ல் இறந்ததும் அதே ஜூலை 20!

முடிவாக, ஏரிக்கரைத் தீர்ப்பு என்ன?

கதைக்குப் பாஸ் மார்க்கு. காமெடிக்கு அதுவும் இல்லை. சண்டைக்கு நூற்றுக்கு நூறு. அந்த நூறில் பாதி, பெயர் தெரியாமல் விழுந்தவர்களுக்கு.

அடுத்த தடவை இந்தப் படங்களில் ஒன்றைப் பார்க்கிறவர்கள் தாராளமாகச் சீட்டி அடிக்கலாம். ஆனால் கதாநாயகன் ஜெயித்ததும் எழுந்து போய்விடாமல், கடைசியில் பொடி எழுத்தில் ஓடுகிற பெயர்களையும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நிஜமாக விழுந்தவர்கள் அந்த எழுத்துக்குள்தான் இருக்கிறார்கள்.